முந்தலில் நான் ஊதிய கதை

குடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஒளிந்து மறைந்து அல்ல. என் மனைவி சந்திரவல்லியின் கண்ணெதிரே, நடு வீட்டில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, முடிந்தால் அவள் கையாலேயே கரண்டியும் சர்க்கரையும் வாங்கிக் குடிப்பது. ஆனால் நான் குடிக்கிறேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது.

போடிநாயக்கனூரில் மற்ற புருஷர்கள் எல்லாம் கோழைகள். மாந்தோப்புக்குப் போய்க் குடித்துவிட்டு, கொய்யா இலையை மென்றுகொண்டே வீட்டுக்கு வருவார்கள். ஊரில் கொய்யா இலை மெல்லுவது ஆடும் குடிகாரனும்தான் என்பது எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் தெரியும். நான் அந்த ரகம் இல்லை.

நான் ஒச்சப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து வரும் கொட்டையை மூட்டையோடு மோந்து பார்த்தே எந்த எஸ்டேட்டு என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு மூக்கு. அந்த மூக்குக்கு மேலே ஒரு பிரஷர். தேனி டாக்டர் போன வருஷம் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே தண்ணியைத் தொடக் கூடாது" என்றார்.

"அப்ப எப்படி டாக்டர் குளிக்கிறது?" என்றேன்.

சிரித்தது நான் மட்டும். சந்திரவல்லி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோவில் சேலைக்குப் பின்னால் நான் வைத்திருந்த பாட்டிலை, ஏதோ அவளே வைத்த மாதிரி நேராகப் போய் எடுத்து, கொல்லையில் இருந்த முருங்கை மரத்தின் தூரில் ஊற்றினாள். அந்த வருஷம் முருங்கை சடைசடையாகக் காய்த்தது. சாம்பாரில் காயைக் கடிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

எனக்கு வழி காட்டியது சூரியநெல்லிப் பக்கம் ஒரு ரிசார்ட்டு. காபித்தூள் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே பாரில் நிற்கிற மலையாளத்துப் பையன், "சேட்டா, இதொண்ணு குடிச்சு நோக்கு" என்று ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினான். கீழே கறுப்பாகக் காபி. மேலே வெள்ளை வெளேரென்று கிரீம். ரெண்டும் ஒன்றோடொன்று சேராமல், நடுவில் கோடு போட்ட மாதிரி நின்றன. எனக்கு வாய் பிளந்துவிட்டது. முப்பது வருஷமாகக் காபியோடு மாரடிக்கிறவன் நான். காபி இப்படி நகை போட்டுக்கொண்டு நிற்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கிரீமைத் தாண்டி உள்ளே இருந்த காபி நாக்கில் பட்டதும்தான் தெரிந்தது. உள்ளே விஸ்கி!

"ஐரிஷ் காபி" என்றான் பையன்.

"வாசமே வரலையேப்பா?"

"கிரீம் மூடிக்களையும் சேட்டா. பின்னே காபியோட மணம். ஆருக்கும் அறியாது."

யாருக்கும் தெரியாது! கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்சு இறங்க இறங்க, என் திட்டம் ஏறிக்கொண்டே வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. காலி நன்னாரி சர்பத் பாட்டிலைக் கழுவி, அதில் விஸ்கியை ஊற்றி, வெளிப்படையாக அடுப்படி மேடையில் வைத்தேன். நிறமும் கிட்டத்தட்ட அதேதான். சந்திரவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது?"

"ஐரிஷ் சிரப்பு. காபிக்கு ஊத்துறது. யாவாரம் பெருகணும்னா புதுசு புதுசாக் கத்துக்கணும் வல்லி."

"ஐரீசா? யாருங்க அவ?"

"அவ இல்லடி. அது நாடு. அயர்லாந்து."

"அயர்லாந்துக்காரன் காபியா? குடிச்சா அயர்ந்துருவீங்களோ?"

"நீ வேற. சுறுசுறுப்பா இருக்கும்."

"சிரப்புன்னா இனிக்கணும்ல? கொண்டாங்க, ஒரு சொட்டு நக்கிப் பாக்குறேன்."

"தொடாத!" என்று கத்திவிட்டேன். "வெறும் நாக்குல பட்டா அது விஷம். கொதிக்கிற காபியில விழுந்தாத்தான் சிரப்பு."

"அப்படியா!" என்றாள் அவள், பயந்துபோன மாதிரி. "அப்ப சூதானமா ஊத்துங்க."

அவளே மத்தை எடுத்துக் கொடுத்தாள். கிரீமைக் கடைந்தேன். கெட்டி டிக்காஷன், கருப்பட்டித்தூள், சிரப்பு, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் வழியவிட்ட கிரீம். அப்படியே நின்றது! நான் போட்ட காபியை நானே கும்பிட்டேன். கால் மேல் கால் போட்டேன். மனைவியின் எதிரே, பட்டப்பகலில், மடக்கு மடக்காகக் குடித்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் இருந்திருக்கின்றன. அன்றைக்கு என்னுடையதும் ஒன்று.

இதில் பிரமாதம் என்னவென்றால், முதல் வாரத்தை விட இரண்டாவது வாரம் வேகம் கூடியது. தொண்டையில் இறங்கும்போதே நெருப்பு. சரக்கு நன்னாரி பாட்டிலில் ஊறி வீரியம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பாட ஆரம்பித்தேன். நான்காவது வாரம், எதிர்வீட்டு மைதீன் பீவி அக்கா வளர்க்கிற சேவலைப் பார்த்து, "உனக்கும் எனக்கும் என்னப்பா வித்தியாசம்? ரெண்டு பேரும் கூவுறோம், எவ கேக்குறா?" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"என்னங்க, காபி இன்னைக்கு ஸ்ட்ராங்கா?" என்று சந்திரவல்லி பரிவோடு கேட்டாள்.

"கொஞ்சம் தூக்கலாயிருச்சு."

"படுங்க. ரசம் வைக்கிறேன்."

ஐயோ, எவ்வளவு வெகுளி! திங்கட்கிழமை காலையில் எனக்குத் தலைவலி வரும். அசல் தலைவலி. எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பாள். புருஷன் எதனால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியாமல் பிழிந்து கொடுக்கிறாளே என்று எனக்கே பாவமாக இருக்கும்.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோதுதான் முத்துப்பிரியாவின் வளைகாப்பு வந்தது. முத்துப்பிரியா என் மச்சினன் முனீஸ்வரனின் மகள். முனீஸ்வரனுக்கு மலைக்கு மேலே போடிமெட்டில் ஏலக்காய்த் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசேஷம். அவனே ஜீப்பு அனுப்பி அக்காவைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். பொம்பளைகள் விசேஷத்தில் எனக்கு என்ன சோலி? கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன். காலையிலேயே காபியைப் போட்டேன். ஜீப்பு வருவதற்குள் ஒன்று. வராததால் இன்னொன்று.

இரண்டாவது டம்ளரின் அடி தெரிந்தபோது போன் வந்தது. ஜீப்பு ஸ்டார்ட் ஆகவில்லையாம்.

சந்திரவல்லி பட்டுச்சேலையில் வந்து நின்றாள். கையில் பெரிய தாம்பாளம். அதில் அடுக்கடுக்காகக் கண்ணாடி வளையல்.

"நம்ம காரை எடுங்க. வெரசாக் கிளம்புவோம்."

ரெண்டு டம்ளர் உள்ளே. மேலே மலை.

"நீ ஓட்டு வல்லி. மலைன்னா எப்பவும் நீதான ஓட்டுவ?"

உண்மை அதுதான். அவள் பிறந்தது எஸ்டேட்டில். கல்யாணத்துக்கு முந்தியே லோடு ஜீப்பு ஓட்டியவள். கொண்டை ஊசி வளைவு வந்தால் அவள் கொண்டை ஊசியைச் சரி செய்துகொண்டே திருப்புவாள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"இன்னைக்கு நீங்க ஓட்டுங்க" என்றாள். "நான் வளையலைப் பிடிக்கணும்ல."

"பின்சீட்டுல வச்சிரு."

"ஒண்ணு உடைஞ்சாலும் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது."

"நான் பிடிச்சுக்கிறேன்."

"உங்க கை நடுங்குது."

"கை நடுங்குறவன் எப்படிடி காரை ஓட்டுவான்?"

"காருக்கு ஸ்டீரிங் இருக்கு, பிடிச்சுக்கலாம். வளையலுக்கு என்ன இருக்கு?"

"வயிறு சரியில்ல."

"மேல போயிச் சரி பண்ணிக்கலாம்."

"டயர்ல காத்து இல்ல."

"நேத்துத்தான அடிச்சீங்க?"

"கண்ணு மங்கலா இருக்கு!"

"கண்ணாடியைப் போடுங்க."

எல்லாக் கதவையும் சாத்திவிட்டாள். ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது, கார்க் கதவு. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் முருங்கை மரத்துக்கு என்னையே ஊற்றிவிடுவாள். ஏறி உட்கார்ந்தேன்.

அன்றைக்கு நான் ஓட்டியதை ஓட்டியது என்று சொல்ல முடியாது. காருக்கு முன்னால் நடந்து போன ஒரு ஆடு, கொஞ்ச நேரத்தில் எங்களை ரொம்ப தூரம் தாண்டிப் போய்விட்டது. பின்னால் வந்த ஏதோ ஒரு ஜீப்பு ஆரன் அடித்து அடித்துத் தொண்டை கட்டிப் போய் ஒதுங்கிப் போனது.

"கியரை மாத்துங்க" என்றாள்.

"இந்தக் கியருக்கு என்ன குறை?"

"சைக்கிள்காரன் சிரிக்கிறான்."

"அவன் எதுக்கோ சிரிக்கிறான்."

வேர்த்துக் கொட்டியது. மலையடிவாரத்து முந்தலை நெருங்கும்போது என் கண்ணுக்கு ரோடு இரண்டாகத் தெரிந்தது. போச்சு, தலைக்கு ஏறிவிட்டது!

"வல்லி! ரோடு ரெண்டாத் தெரியுதுடி!"

"ரோடு ரெண்டுதாங்க. ஒண்ணு குரங்கணிக்குப் போகுது."

முன்னால் மலை நின்றது. அதில் ரோடு, சுற்றிச் சுற்றி, மேலே போய் மேகத்துக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வளைவிலும் கீழே அதலபாதாளம். பக்கத்தில் இவள், மடியில் தாம்பாளம், ஒரு குழந்தையைப் போல உட்கார்ந்திருக்கிறாள். புருஷனை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நான் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, இவளைக் கூட்டிக்கொண்டு அந்த மலையில் ஏறுவதில்லை. அந்த நிமிஷம் ரோட்டோரத்தில் போலீஸ் நின்றது. கையில் ஊதுகிற மெஷின். என் வாழ்நாளில் போலீஸைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அவர் கை காட்டவே இல்லை. நானாகப் போய் நிறுத்தினேன். ஏட்டு காசிமாயன். எங்கள் கடை வாடிக்கைக்காரர்.

"என்ன ஒச்சப்பண்ணே, விசேஷத்துக்கா? போங்க போங்க."

நான் இறங்கினேன். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன், விலங்கு மாட்ட வசதியாக.

"ஏட்டையா, நான் குடிச்சிருக்கேன்."

காரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"விளையாடாதீங்கண்ணே."

"சத்தியமா. ரெண்டு டம்ளர். விஸ்கி. காபியில கலந்து. என்னைய மலை ஏற விடாதீங்க. வண்டியில பொம்பளை இருக்கு."

காசிமாயன் என் முகத்தைப் பார்த்தார். மெஷினை நீட்டினார். ஊதினேன். பூஜ்யம்.

"ஒண்ணுமில்லண்ணே."

"சரியா ஊதலை போல. கொண்டாங்க."

தம் கட்டி ஊதினேன். கண் முழி பிதுங்கியது. பூஜ்யம்.

"மெஷினு ரிப்பேரு" என்றேன்.

"போன வாரம்தான் வந்துச்சு."

"அப்ப உள்ள சரக்கு கீழ தங்கியிருக்கும். குனிஞ்சு ஊதுறேன்."

குனிந்து ஊதினேன். பூஜ்யம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் குடிச்சிருக்கேன்யா! நம்புங்கய்யா!"

"அண்ணே, என் சர்வீஸ்ல குடிக்கலைன்னு சத்தியம் பண்ணுனவனைத்தான் பாத்திருக்கேன்."

புளியமரத்தடியில், முன்னமே மாட்டிய ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காசிமாயன் மெஷினை அவர் வாயில் வைத்தார். அவர் ஊதக்கூட இல்லை, "ஐயா" என்றார். அவ்வளவுதான். மெஷின் கீச்கீச்சென்று கத்தி, நம்பர் ஏறிக்கொண்டே போனது. அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "குடிச்சிட்டு ஊதணும்ணே" என்றார்.

ரோட்டில் வெள்ளைக்கோட்டின் மேல் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். துணி காயப்போடுகிற கொடி மாதிரி நேராக நடந்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

காசிமாயன் காரிடம் போய்க் குனிந்தார். "அக்கா, அண்ணனுக்கு மனசுல ஏதும்...?"

"காபி ஜாஸ்தியாயிருச்சு தம்பி" என்றாள் சந்திரவல்லி. "நீங்க வண்டியை விடுங்க. நல்ல நேரம் முடியுறதுக்குள்ள போகணும்."

வண்டியை எடுத்தேன். முதல் வளைவு வரைக்கும் ஓட்டினேன். அங்கே ஓரமாக நிறுத்தினேன்.

"வல்லி, அந்தப் பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

வளையல்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"சுக்கு, மிளகு, சித்தரத்தை. கொஞ்சம் ஏலத்தோல். கலருக்குக் கருப்பட்டியைக் கருக்கி ஊத்துனேன்."

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து. முத வாரம் உங்க டம்ளரைக் கழுவும்போது அடியில கொஞ்சம் இருந்துச்சு. வாயில வச்சுப் பாத்தேன். உங்க சிரப்பு என்ன சிரப்புன்னு தெரிஞ்சிருச்சு. மாத்திரை சாப்பிடுற மனுசன், விட முடியுமா? நீங்க வாங்கிட்டு வந்து ஊத்தி வைக்க வைக்க, நான் அதை வேற பாட்டில்ல எடுத்து வச்சுட்டு இதை ஊத்தி வச்சேன்."

"வாசம் வந்துச்சேடி! பாட்டிலைத் திறந்தா விஸ்கி வாசம்தான வரும்?"

"மூடியில மட்டும் உங்க சரக்குல துணியை நனைச்சுத் தொடைச்சு வைப்பேன். உங்க மூக்குக்கு அது போதும்."

மூட்டையோடு மோந்து பார்க்கிற மூக்கு! நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது.

"நான் பாடுனேனே?"

"ஆமா."

"சேவலைப் பாத்து அழுதேனே?"

"மைதீன் பீவி அக்காவும் பாத்துச்சு. ஒரு வாரமா அந்தச் சேவலுக்கு ரெட்டைத் தீனி போடுது."

"திங்கக்கிழமை தலை வலிச்சதேடி! அது எப்படி?"

"பொழுதெல்லாம் அந்தக் கத்துக் கத்திப் பாடுனா வலிக்காம என்ன செய்யும்?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாரம்! ஒருநாள் கூட முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, உதட்டில் ஒரு சிரிப்பு இல்லை. சுக்குத்தண்ணியைக் கொடுத்து ஒரு முழு ஆம்பளையை ஆட வைத்து, அழ வைத்து, தூங்க வைத்து, மறுநாள் எலுமிச்சம்பழமும் பிழிந்து கொடுத்திருக்கிறாள். சாராயக்காரன் சரக்கில் போதை ஏற்றுவான். இவள் சரக்கே இல்லாமல் ஏற்றியிருக்கிறாள்! கீழே போடி ஊரே உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. மேலே மலை மலையாக மலை. அதற்கெல்லாம் மேலே இவள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது எனக்கு. கும்பிடலாம் போல வந்தது. கை ஸ்டீரிங்கில் இருந்தது.

"ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்றேங்க" என்றாள் மெதுவாக. "அந்தக் காபி போடுற பக்குவம் உங்களுக்கு நல்லா வருது. கிரீமு அலுங்காம நிக்குது."

பாராட்டு! அவள் வாயால்! கையும் காலும் உதறல் எடுத்தது. போதையால் அல்ல, இனி போதை என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

"வல்லி, எனக்கு ஒடம்பெல்லாம் ஆடுது. இனி வளைவெல்லாம் நீ ஓட்டிரு தாயி. தட்டை நான் பத்திரமாப் பிடிச்சுக்கிறேன். ஒரு வளையல் உடையாது."

அவள் தட்டைக் கொடுக்கவில்லை. பின்னால் திரும்பி, கீழே முந்தல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு முன்னால், மேலே, மெட்டுப் பக்கம் பார்த்தாள். அப்புறம் பட்டுச்சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"பேசாம ஓட்டுங்க. மேல செக்போஸ்ட்ல ஊதச் சொன்னா, நான்ல மாட்டிக்குவேன்."